பூனையின் தவமும் மரநாயின் எச்சமும்

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தைச் சற்று நேரம் கவனித்தால் ஒன்று புலப்படும். பெரியவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒற்றைக் காலில் நிற்கும் தபசி, வரம் தரும் சிவன், பறந்து வரும் வானவர்கள் எல்லாரும் மேலே இருக்கிறார்கள். வழிகாட்டிகளின் கையும் அங்கேதான் நீள்கிறது. குழந்தைகளின் கண் கீழே போகிறது. முதலில் யானை. அடுத்து யானையின் காலடியில் நிற்கும் குட்டிகள். அதற்கும் அடுத்து, யானைக்கு முன்னால் நிற்கும் பூனை. அதைக் கண்டுபிடித்த குழந்தை சத்தம் போட்டுச் சிரிக்கும், அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கும். அப்பா அப்போதுதான் கீழே பார்ப்பார்.

பூனை பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. பட்டினி கிடந்ததற்கு அடையாளமாக விலா எலும்புகள் தெரிகின்றன. சுற்றிலும் எலிகள். அவை ஓடவில்லை, மகானைத் தரிசிக்க வந்தவைபோல் நிற்கின்றன. இது மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வரும் கதை. கங்கைக் கரையில் கையைத் தூக்கித் தவக்கோலம் பூண்ட பூனையை எலிகள் நம்பி அடைக்கலம் புகுகின்றன. தவத்தில் மெலிந்துவிட்டேன், ஆற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்கிறது பூனை. எலிக்கூட்டம் நாளுக்கு நாள் குறைகிறது, பூனை நாளுக்கு நாள் கொழுக்கிறது. தருமனை இடித்துக் காட்டுவதற்காகத் துரியோதனன் தன் தூதன் உலூகனிடம் சொல்லி அனுப்பும் கதை இது. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி அந்தப் பகையையெல்லாம் விட்டுவிட்டுப் பூனையை மட்டும் எடுத்துக்கொண்டான். மேலே ஒரு மனிதன் மெய்யாகவே தவம் செய்துகொண்டிருக்க, அதே பாறையின் கீழ்வரிசையில் அதே கோலத்தில் ஒரு பூனையை நிறுத்தினான். எழுத்தறியாதவரும் மொழி தெரியாதவரும் நாலு வயதுக் குழந்தையும் 1,300 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சிரிப்பு ஏன் இன்னும் பழசாகவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பூனை பூனையாகவே இருப்பதுதான் காரணம் என்று தோன்றுகிறது. சிற்பி அதற்குக் காவி உடுத்தவில்லை, ருத்திராட்சம் போடவில்லை. முதுகின் வளைவும் வயிற்றின் ஒட்டலும் பூனைக்கு உரியவை. செய்கை மட்டும்தான் மனிதனுடையது. அக்கம்பக்கத்தையும் பாருங்கள். ஒரு மான் பின்னங்காலைத் தூக்கிக் குளம்பால் மூக்கைச் சொறிகிறது. பாறைக்கு அருகில் தனிக்கல்லில் வடித்த குரங்குக் குடும்பத்தில் ஒன்றன் தலையில் இன்னொன்று பேன் பார்க்கிறது, குட்டி பால் குடிக்கிறது. கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும்போது பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. மானின் அருகில் நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்த கண் அது. அந்தக் கண் இருந்ததால்தான் பூனையின் வேடிக்கை செல்லுபடியானது. காட்டைப் பற்றிக் குழந்தைகளுக்கு வேடிக்கையாகச் சொல்ல நினைக்கும் எந்தப் படப்புத்தகத்தையும் நான் இந்தப் பாறையை வைத்துத்தான் அளக்கிறேன். சிரிப்பு அந்த உயிரின் மெய்யான உடம்பிலிருந்தும் பழக்கத்திலிருந்தும் வருகிறதா? அல்லது யாரோ ஒரு மனிதனுக்கு விலங்கின் தலையை மாட்டிவிட்டு வருகிறதா?

படிக்கத் தெரியாத குழந்தைக்குப் படப்புத்தகம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு நல்ல சான்று உண்டு. பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட ‘ரோசிஸ் வாக்’ புத்தகத்தில் மொத்தமே 32 சொற்கள். ரோசி என்ற கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்புகிறது, எழுத்தில் அவ்வளவுதான். படத்திலோ ஒவ்வொரு பக்கமும் ஒரு நரி கோழியின் பின்னால் பதுங்கி வந்து, பாய்ந்து, எதிலாவது மாட்டிக்கொள்கிறது. நரி என்ற சொல் புத்தகத்தில் எங்குமே இல்லை. வாசித்துக் காட்டும் பெரியவருக்குத் தெரியாத ஒன்று பக்கத்தில் உட்கார்ந்த குழந்தைக்குத் தெரிகிறது. அந்தப் பெருமிதமே சிரிப்பாக வெளியே வருகிறது. அந்தச் சிரிப்புக்காகக் குழந்தை அடுத்த பக்கத்தில் புதருக்குள்ளும் தேட ஆரம்பித்துவிடும். காட்டில் நடப்பவருக்கு வேண்டிய பழக்கமும் அதுதான்: சொல்லாததைத் தேடுவது.

நம் பக்கம் இந்தத் துறையின் வரலாற்றில் பெரும்பகுதி ஒரே சாலையில் அடங்கிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்கும் திருவான்மியூரில் தாரா பதிப்பகத்தின் கட்டடம் இருக்கிறது. கீதா உல்ஃப் 1994இல் தொடங்கிய பதிப்பகம். 1996இல் ராதிகா மேனன் தொடங்கிய தூலிகாவும் சென்னையைச் சேர்ந்ததுதான். சாலை தெற்கே வடநெம்மேலிக்கு வரும்போது முதலைப் பண்ணை, அதற்குள்ளேயே பாம்பு பிடிப்போரின் சங்கம். அங்கிருந்து சிறிது தூரத்தில் மாமல்லபுரம். பதிப்பகமும் பாம்பும் பாறையும் இத்தனை நெருக்கமாக வேறெங்கும் இருப்பதாகத் தோன்றவில்லை.

தாராவின் தொடக்க காலப் புத்தகங்களில் ஒன்று 1997இல் வந்த ‘டைகர் ஆன் எ ட்ரீ’. எழுதியவர் அனுஷ்கா ரவிசங்கர், வரைந்தவர் புலக் பிஸ்வாஸ். கறுப்பும் ஆரஞ்சும் மட்டும்தான் நிறங்கள். ஆற்றைக் கடந்து வந்த புலி ஒன்று மிரண்டுபோய் மரத்தில் ஏறிவிடுகிறது. ஊர்க்காரர்கள் வலை போட்டுப் பிடித்துவிடுகிறார்கள். பிடித்த பிறகுதான் சிக்கல்: இதை என்ன செய்வது? ஆளுக்கொரு யோசனை, ஒன்றைவிட ஒன்று அபத்தம். கடைசியில் விட்டுவிடுகிறார்கள். அந்தப் புத்தகத்தில் புலி கோமாளி ஆகவில்லை. அது ஆற்றை நீந்துகிறது, பயப்படுகிறது, மரத்தில் தொற்றுகிறது. எல்லாம் புலி செய்யக்கூடியவை. கோமாளிகள் கீழே நிற்கும் மனிதர்கள். ஊருக்குள் சிறுத்தை வந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் கூட்டத்தை அந்தப் பக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். விலங்கைப் பார்த்துச் சிரிக்காமல், விலங்கின் எதிரே நாம் நிற்கும் விதத்தைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுத்தருகிறது அது. ஐந்து வயதில் இதைவிடப் பெரிய காட்டுயிர்ப் பாடம் வேண்டியதில்லை என்பது என் துணிபு.

இதற்கு முந்தைய தலைமுறைக்கு வேறு காடுகள் வாய்த்தன. முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் மாஸ்கோவில் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாக மலிவு விலையில் வந்த சோவியத் குழந்தை நூல்களில் கரடியும் ஓநாயும் பனிக்காடும் இருந்தன. பனையைத் தினமும் பார்த்துக்கொண்டு பிர்ச் மரத்தைக் கனவு கண்ட பிள்ளைகள் நாங்கள். எண்பதுகளில் வாண்டுமாமா ஆசிரியராக இருந்த ‘பூந்தளிர்’ வந்தது. ‘டிங்கிள்’ இதழின் பாத்திரங்கள் அதில் தமிழ்ப் பெயர் பூண்டன. காக்கை காளியும் வேட்டைக்கார வேம்புவும் அப்படி வந்தவர்கள். வேம்புவின் தொப்பி கண்ணை மூடியிருக்கும். எந்தக் கட்டத்திலும் அவர் கண் தெரியாது. காட்டுக்குள் போகிறார், ஒன்றையும் பார்ப்பதில்லை, தற்செயலாகத் தப்பித்து வீரராகிவிடுகிறார். அந்தத் தொப்பி ஒரு மேதைமையான கற்பனை என்றே இன்றும் நினைக்கிறேன். காட்டைப் பார்க்காமலே காட்டை ஆளுகிறவரின் படம் அது. பின்னாளில் மூலப் பாத்திரமான ஷிகாரி ஷம்புவின் கையிலிருந்த வேட்டைத் தொழிலை எடுத்துவிட்டுக் காட்டுயிர்ப் பாதுகாவலராக மாற்றினார்கள். 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நகைச்சுவைக்குள் வந்து சேர அத்தனை காலம் பிடித்தது.

இனி மனதை உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். கடைகளில் தமிழில் கிடைக்கும் மலிவு விலைப் படப்புத்தகங்களை வாங்கிப் புரட்டும்போது நான் முதலில் பார்ப்பது நரியின் வாலை. பெரும்பாலும் நரி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், வால் நுனி வெள்ளையாக இருக்கும். அது ஐரோப்பாவின் செந்நரி. மாமல்லபுரம் இருக்கும் செங்கல்பட்டுப் பக்கத்து நரிக்குப் பழுப்பும் சாம்பலும் கலந்த உடம்பு. வால் நுனி கறுப்பு. குள்ளநரிக்கும் வால் நுனி கறுப்புதான். வடையைக் காக்கையிடமிருந்து பறித்த நரி இத்தனை ஆண்டுகளாக வெளிநாட்டு வாலோடு நம் பாட்டி வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறது. சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஏரிக்கரையில் ஒரு மாலைப் பொழுதில் மெய்யான நரி குறுக்கே ஓடும்போது அந்தக் குழந்தை அதை நாய் என்றுதான் நினைக்கும். புத்தகம் அதன் கண்ணிலிருந்து ஒரு விலங்கை எடுத்துவிட்டது.

பொருளாதாரக் காரணம் ஒன்றும் இதற்குப் பின்னால் இருக்கிறது. வண்ணப் படப்புத்தகத்தில் செலவு பிடிப்பது படம். அதனால் பல மொழிகளில் வெளியிடும் பதிப்பகங்கள் எழுத்தைக் கறுப்பில் மட்டும் வைத்து, படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கறுப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றி அச்சிடுவார்கள். தூலிகா ஒன்பது மொழிகளில் வெளியிடுகிறது. இந்த முறை இல்லாவிட்டால் கட்டுப்படியாகும் விலையில் தமிழ்க் குழந்தைக்கு நல்ல படம் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் குஜராத்திக்கும் வங்காளத்துக்கும் தமிழுக்கும் பொருந்துகிற காடு என்றால் அது எந்த ஊரின் காடாகவும் இருக்க முடியாது. பொதுவான பச்சை, பொதுவான மரம், நடுவில் ஓர் ஓடை, ராஜாவாகச் சிங்கம். இந்தியாவில் குஜராத்தைத் தவிர வேறெந்த மாநிலத்துக் காட்டிலும் இன்று சிங்கம் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்துப் பிள்ளைக்குச் சிங்கம் வண்டலூர் உயிரியல் பூங்காவில் பேருந்துக்குள் உட்கார்ந்து பார்க்கும் விலங்கு.

அந்தப் பிள்ளையின் சொந்தக் காடு எது? சோழமண்டலக் கரையோரம் ஒரு குறுகிய பட்டையாக ஓடும் உலர் பசுமைமாறாக் காடு. மழை ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அதன் பிறகு மாதக்கணக்கில் வெயில். அப்படியிருந்தும் இலை உதிராது. மரங்கள் உயரமாக வளர்வதில்லை, பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டினால் அதிசயம். உலக்கைப் பாலை, வீரை, காசான், காட்டெலுமிச்சை, ஓரத்தில் காரை, சூரை, களா. இலை தடித்துத் தோல்போல் இருக்கும். பல இடங்களில் ஊர்க்கோயில் காடுகளாக மட்டுமே இது பிழைத்துக் கிடக்கிறது. அதற்கு வெளியே முட்புதரும் பனையும் ஏரியும் பாறைக்குன்றும். இங்கே வளரும் பிள்ளையிடம் உங்கள் ஊரில் காடு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். அது முள்ளு, அது புறம்போக்கு, அது சாமி இடம். காடு என்றால் புத்தகத்தில் இருப்பது. தன் வீட்டுக்குப் பின்னால் உடும்பு நடமாடும் நிலத்தைக் காடு என்று நினைக்க முடியாத பிள்ளை, நாளை அதை அழித்து மனை போடும்போது எதை இழந்தோம் என்று எப்படி அறியும்?

நீதி வாக்கியமும் தன் பங்குக்குக் கெடுக்கிறது. நரி தந்திரசாலி, காக்கை ஏமாளி, பாம்பு நன்றி கெட்டது, ஆந்தை அபசகுனம். விலங்குகளுக்கு நாம் எழுதிக் கொடுத்த நடத்தைச் சான்றிதழ்கள் இவை. கூகையைப் பார்த்துக் கல்லெறியும் சிறுவன் யாரிடமோ கற்றுக்கொண்டுதான் எறிகிறான். அது ஓர் இரவில் பிடிக்கும் எலிகளை வைத்தே எத்தனை வேடிக்கையான பக்கங்கள் வரையலாம்!

நம் சாலையில் வடநெம்மேலிக்கு வருவோம். ரோமுலஸ் விட்டேகரும் ஜாய் விட்டேகரும் 1976இல் முதலைப் பண்ணையை அமைத்தார்கள். அதே வளாகத்தில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. பாம்புத்தோல் வணிகம் தடைபட்டுப் பிழைப்பு இழந்த இருளர்கள், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, நஞ்செடுத்து, சில வாரங்களில் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வைத்துக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி உருவாகிறது. இந்தத் திறமைக்காக வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இவர்களோடு பழகிய ஜாய் விட்டேகர் எழுதி, ஸ்ரீவித்யா நடராஜன் வரைந்து, தூலிகா வெளியிட்ட ‘காளி அண்ட் தி ராட் ஸ்நேக்’ என் பார்வையில் இந்தக் கடற்கரைக்கே உரிய படப்புத்தகம். காளி இருளர் சிறுவன். அப்பா பாம்பு பிடிப்பவர். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அவனோடு ஒட்டுவதில்லை. அவன் கொண்டுவரும் வறுத்த ஈசல் அவர்களுக்கு விநோதம். ஒருநாள் வகுப்பறைக்குள் பெரிய சாரைப்பாம்பு நுழைந்துவிடுகிறது. எல்லாரும் அலறுகிறார்கள். காளி போய்ப் பிடிக்கிறான். இதை நகைச்சுவைப் புத்தகம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது, வலி இருக்கிறது. ஆனால் வகுப்பே கலகலத்துப் போகும் அந்தக் காட்சியில் குழந்தைகள் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். கதையின் தொடக்கத்தில் ஒரு பிள்ளையைத் தள்ளி வைக்கும் கேலி. இறுதியில் தங்கள் பயத்தைப் பார்த்தே தாங்கள் சிரிக்கும் சிரிப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு பாம்பைப் பற்றிய அறிவு நிற்கிறது. சாரைக்கு நஞ்சு இல்லை, அது எலி தின்னும், ஆள் உயரத்துக்கும் மேல் வளரும். காளிக்கு இது தெரியும். ஆசிரியருக்குத் தெரியாது.

பாம்பைப் பற்றி நம்மிடம் இருக்கும் நம்பிக்கைகளே பாதி படப்புத்தகங்கள். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, செத்தவரை எரிக்கிறார்களா என்று சுடுகாட்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து புகையைப் பார்க்குமாம். அந்தப் பாம்பு மனிதருக்குத் தீங்கில்லாதது. பல்லியையும் தவளையையும் தேடித்தான் மரமேறுகிறது. சாரையும் நல்ல பாம்பும் பிணையும் என்பார்கள். பின்னிக்கொண்டு நிமிர்ந்து ஆடும் அந்த இரண்டும் ஆண் சாரைகள், நடப்பது மல்யுத்தம். பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும், மண்ணுளிக்கு இரண்டு தலை. இவற்றை மூடநம்பிக்கை என்று அதட்டி ஒரு பாடம் எழுதினால் குழந்தை பாடத்தை மறந்துவிட்டு நம்பிக்கையை வைத்துக்கொள்ளும். இடப்பக்கம் மரக்கிளையில் உட்கார்ந்து கண்ணுக்குக் கைவைத்துச் சுடுகாட்டைப் பார்க்கும் பாம்பு, வலப்பக்கம் அதே கிளையில் பல்லியைத் துரத்தும் பாம்பு என்று வரைந்து பாருங்கள். எது மெய் என்று பெரியவர் வாய் திறந்து சொல்லவே வேண்டாம். அந்தப் பாம்புக்குக் கை கிடையாது என்பதை முதலில் சொல்வது குழந்தையாகத்தான் இருக்கும்.

வேடிக்கைக்காக உண்மையைக் கொஞ்சம் வளைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட பசித்த கம்பளிப்பூச்சிப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். உலகம் முழுதும் குழந்தைகள் மனப்பாடமாக அறிந்த புத்தகம். அதில் புழு பட்டுக்கூடு போன்ற ஒன்றைக் கட்டிக்கொண்டு அதிலிருந்து வண்ணத்துப்பூச்சியாக வெளிவருகிறது. அப்படிக் கூடு நெய்வது பெரும்பாலும் அந்துப்பூச்சிகள். வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு வெறும் தோலோடு தொங்கும். இந்தப் பிழையை நான் மன்னித்துவிடுவேன், ஏனென்றால் புத்தகத்தின் நகைச்சுவை நிற்கும் இடம் வேறு: புழுவின் தீராத பசி. புழுவின் வாழ்க்கை மெய்யாகவே தின்பதுதான். சிரிக்க வைக்கும் இடத்தில் உண்மை இருந்தால் ஓரத்துப் பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். சிரிக்க வைக்கும் இடமே பொய்யானால் திருத்த ஒன்றும் மிஞ்சாது.

நம் கொல்லைக் கறிவேப்பிலைச் செடியில் இதைவிட நல்ல கதை இருக்கிறது. கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று அதில் முட்டையிடும். பொரிந்து வரும் குட்டிப்புழுவைப் பார்த்தால் இலைமேல் காக்கை எச்சமிட்டதுபோல் இருக்கும். பழுப்பும் வெள்ளையும், ஈரப் பளபளப்பும். பறவை தன் எச்சத்தைத் தானே தின்னுமா? விட்டுவிட்டுப் போய்விடும். சற்று வளர்ந்ததும் அந்த வேடத்தைக் களைந்துவிட்டு இலைப்பச்சை ஆகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றம் பரப்பும். ஒரு வகுப்பில் இதைச் சொன்னபோது அடங்காத சிரிப்பு. மறுநாள் பாதிப் பிள்ளைகள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியை இலை இலையாகத் தேடிவிட்டு வந்திருந்தார்கள்.

எச்சம் என்றால் குழந்தைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அடக்கச் சொல்லும் பெரியவர்கள் ஒரு பெரிய கதவைச் சாத்துகிறார்கள். வெர்னர் ஹோல்ஸ்வார்த் எழுதி வோல்ஃப் எர்ல்ப்ரூக் வரைந்து 1989இல் ஜெர்மனியில் வந்த புத்தகத்தில், மண்ணுக்குள்ளிருந்து தலை நீட்டிய அகழெலி ஒன்றின் தலையில் யாரோ பேண்டுவிடுகிறார்கள். யார் அது என்று கேட்டு அது விலங்கு விலங்காகப் போகிறது. ஒவ்வொன்றும் தன்னுடையது இப்படி இருக்கும் என்று செய்தே காட்டுகிறது. புத்தகம் முடிவதற்குள் குழந்தைக்கு முயலுடையது எது, ஆட்டுடையது எது, குதிரையுடையது எது என்று தெரிந்துவிடும். காட்டில் தடம் பார்ப்பவர் முதலில் படிப்பதும் இதைத்தான்.

இந்தப் புத்தகம் தமிழில் பிறந்திருக்க வேண்டும். ஆட்டுக்குப் புழுக்கை, மாட்டுக்குச் சாணம், யானைக்கு லத்தி, கழுதைக்கு விட்டை, பறவைக்கு எச்சம் என்று விலங்குக்கு விலங்கு சொல் வைத்திருக்கும் மொழி இது. சொல் வேறுபட்டிருப்பதற்குக் காரணம், பொருளும் பயனும் வேறு என்பதை மேய்த்தவர்களும் உழுதவர்களும் அறிந்திருந்ததுதான். செங்கல்பட்டு மாவட்டத்தின் மிகப் பெரிய இயற்கைக் கதையும் எச்சத்தில்தான் தொடங்குகிறது. வேடந்தாங்கல் ஏரி மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுகின்றன. எச்சம் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் பாய்ந்த நெல் செழிக்கிறது. இதை அறிந்த ஊர்க்காரர்கள், பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு எதிராக முறையிட்டு, 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் ‘கவுல்’ என்ற எழுத்துமூல உறுதிமொழி வாங்கினார்கள். காட்டுயிர்ச் சட்டம் என்ற ஒன்று நாட்டில் வருவதற்கு எவ்வளவோ முன்பு நடந்தது இது. 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. வாய் மூடாத நத்தைகுத்தி நாரையும், பையோடு திரியும் கூழைக்கடாவும், அரிவாள் மூக்கனும் மரத்துக்கு மரம் உட்கார்ந்து கீழே எச்சமிட, அடியில் குடையைப் பிடித்துக்கொண்டு மகிழ்ச்சியோடு நிற்கும் ஒரு விவசாயி. இந்தப் படத்தை யாராவது வரைந்துவிட வேண்டும் என்று நெடுநாளாக ஏங்குகிறேன்.

பள்ளிக்கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் மெல்லிய புத்தகங்கள் அரசுப் பள்ளிகளுக்குப் போயின. பெரிய திறப்பு அது. தமிழுக்கென்றே வரையப்பட்ட படங்கள் என்பதால் ஒன்பது மொழிக்கும் பொதுவான காடு அங்கே கட்டாயமில்லை. ஒவ்வொரு மாவட்டத்தின் நிலமும் அந்தந்தப் பிள்ளைகளின் கைக்கு வரக்கூடிய வழி இது.

போன வருஷம் திருக்கழுக்குன்றத்துக்கு அருகில் ஓர் ஊரில், ஞாயிற்றுக்கிழமை புளியமரத்தடியில் கூடும் பிள்ளைகளிடம், நண்பர் ஒருவர் வரைந்து தந்த ஆறு எச்சப் பட அட்டைகளை எடுத்துப் போனேன். யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். முயல் புழுக்கையை எல்லாரும் சொன்னார்கள். நரியுடையதைப் பார்த்து நாய் என்றார்கள். உள்ளே மயிரும் இலந்தைக் கொட்டையும் இருப்பதைக் காட்டியதும் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான், நரி இலந்தைப் பழம் தின்னுமா என்று. தின்னும், தின்று நடந்து எங்கோ ஒரு புதரடியில் விதைத்துவிட்டும் போகும் என்றேன். அடுத்து மரநாயின் அட்டை. மண்தரையில் கிடப்பதாக வரைந்திருந்தார். கடைசி வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி எழுந்து வந்து அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“மரநாய் இப்பிடித் தரையில போவாது சார். பாறை மேல போவும். இல்லன்னா மதில் மேல.”

அவள் சொன்னது முற்றிலும் சரி. உயரமான இடத்தில் எச்சமிட்டு வைப்பது மரநாயின் பழக்கம். நண்பரிடம் சொன்னேன், பாறை வரைந்து புது அட்டை தந்தார். ஆனி மாதத்தில் மறுபடியும் போனபோது அவளைத் தேடி அட்டையைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

“இப்ப ஈச்சம்பழக் காலம் சார். உள்ள கொட்ட எங்க?” என்றாள்.